ஒரு கல்லில் இரண்டு உப்பு!

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால், அதன் வேதியியல் புத்தகத்தை ஒருநாள் புரட்டிப் பாருங்கள். ‘இரட்டை உப்பு’ என்று ஒரு சொல் கண்ணில் படும். உதாரணத்துக்குப் பொட்டாஷ் படிகாரத்தைச் சொல்லியிருப்பார்கள். பிள்ளையைக் கேட்டால் வாய்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்துவிடும். “அதெல்லாம் சரி, கல் ஒன்றுதானே இருக்கு? இதில் இரட்டை எங்கே இருக்கு?” என்று கேளுங்கள். ஒரு முழி முழிக்கும்!

பிள்ளையைக் குற்றம் சொல்ல வேண்டாம். இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க உலகமே பல நூறு வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. “வைத்தியருக்கு எதற்குக் கெமிஸ்ட்ரி?” என்று நீங்கள் கேட்கலாம். காரசாரங்களும் உப்புகளும் இல்லாமல் சித்த மருத்துவம் கிடையாது. அதைவிட முக்கியம், உங்கள் சமையலறையிலும் குளியலறையிலும் மருந்துப் பெட்டியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட உப்புகள் சேர்ந்த பொருள்கள் பல இருக்கின்றன. அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது விளங்கும். இல்லாவிட்டால் பயப்பட வேண்டியதைத் துணிந்து சாப்பிடுவோம். பயப்பட வேண்டாததைக் கண்டு அலறுவோம். என்னிடம் வருகிறவர்களில் இந்த இரண்டு ரகமும் உண்டு.

படிகாரத்திலிருந்தே ஆரம்பிப்போம். சலூனில் முகம் மழித்ததும் ஈரத்தோடு தேய்ப்பார்களே, அந்தக் கல். கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் திருஷ்டிக்குத் தொங்குகிற கல்.

காரம் இல்லாத காரம்

ஸ்படிகம் என்ற வடசொல் தமிழில் படிகம் ஆனது. படிகம் போலப் பளபளக்கிற காரம் என்பதால் படிகாரம். எங்கள் குணபாட நூல்களில் சீனம், சீனக்காரம், படிகி என்றும் பெயர்கள் உண்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காரம் என்றால் சுண்ணாம்பு, சாம்பல் போன்ற பொருள்களின் குணம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் குங்குமச் சிவப்பாகிறது அல்லவா, அதுதான் காரத்தின் அடையாளம். படிகாரத் தண்ணீரை மஞ்சளில் விட்டுப் பாருங்கள், மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஏனென்றால் படிகாரத் தண்ணீர் புளிப்புப் பக்கம், அதாவது அமிலப் பக்கம் சேர்ந்தது. பேர்தான் காரம்! முன்னோர்கள் ‘காரம்’ என்ற சொல்லை, தொட்டால் சுரீர் என்று பிடிக்கிற, தசையைச் சுருக்குகிற பொருளுக்கெல்லாம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவர்கள் சொன்னது சரிதான். இன்றைய பாடப்புத்தகக் கணக்கோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பியர்கள் இதை லத்தீனில் ‘அலுமென்’ என்றார்கள். ஆங்கிலத்தில் அது ‘ஆலம்’ ஆயிற்று. இதற்குள் ஏதோ ஒரு புது உலோகம் ஒளிந்திருக்கிறது என்று ஊகித்த ஹம்ஃப்ரி டேவி, 1808-இல் அந்த உலோகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கல்லின் பேரை வைத்து அதற்கும் பேர் சூட்டிவிட்டார். அதுதான் அலுமினியம். நம் வீட்டு இட்லிப் பானைக்குப் பெயர் கொடுத்தது படிகாரக் கல் என்றால் நம்புவீர்களா? உலோகத்தைப் பிரித்தெடுத்தது 1825-இல், டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட் என்பவர்.

சாம்பலும் சிறுநீரும்

அந்தக் காலத்தில் படிகாரம் இல்லாமல் துணிக்குச் சாயம் நிற்காது. சோழமண்டலக் கரையில் சாயவேரை வைத்துச் சிவப்பு ஏற்றியவர்களும் துணியில் முதலில் படிகாரத்தைத்தான் பிடிக்க வைத்தார்கள். துணி இழைக்கும் சாயத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் கைகோத்துப் பிடித்துக்கொள்ளும் வேலை அதற்கு. ஐரோப்பாவில் அதற்கு அவ்வளவு கிராக்கி. துருக்கியர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, 1460-களில் ரோமுக்குப் பக்கத்தில் தோல்ஃபா மலையில் படிகாரப் பாறை கிடைத்தது. போப்பாண்டவரே அந்த வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்தப் பாறை இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் யார்க்‌ஷயர் கடற்கரையில் கிடைத்த கறுப்பு மாக்கல்லை மலைபோல் குவித்து, மாதக்கணக்கில் எரித்து, தண்ணீர் விட்டுச் சாறு இறக்கினார்கள். சாறு கிடைத்தது, கல் விளையவில்லை. எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் கொழகொழவென்றுதான் நின்றது. அதில் ஒரு பொருளைச் சேர்த்தால்தான் பளிங்குக் கல் விளைந்தது. என்ன பொருள் தெரியுமா? கடற்பாசியை எரித்த சாம்பல். இல்லையென்றால், நாள்பட்ட மனித சிறுநீர்! ஆமாம், லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். சாறு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கோழிமுட்டையைப் போடுவார்கள். முட்டை மிதந்தால் பதம் வந்துவிட்டது. நம் பாட்டிமார் உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அதே கைமுறை. அங்கே கடைசிப் படிகாரக் கூடம் மூடப்பட்டது 1871-இல்.

சாம்பல் போட்டாலும் சரி, சிறுநீர் விட்டாலும் சரி, ஒரேமாதிரி கல் விளைந்தது ஏன்? வேலை செய்தவர்களுக்கே விளங்கவில்லை. ஏதோ அழுக்கை எடுக்கிறது, புளிப்பை முறிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். 1797-இல் பிரான்ஸில் வோக்லன் என்ற ரசாயன அறிஞர் கணக்கைத் தீர்த்தார். சாம்பல் அழுக்கை எடுக்கவில்லை. சாம்பலில் இருக்கும் பொட்டாசியமே கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிறுநீர் நாள்பட்டால் வருகிற அம்மோனியாவும் அதே இடத்தில் உட்காரும். மாக்கல் சாறில் இருந்தது அலுமினிய சல்பேட் என்ற ஓர் உப்பு. அது தனியாக நின்றால் நல்ல கல்லாக விளையாது. பொட்டாசியம் சல்பேட் என்ற இன்னோர் உப்பு துணைக்கு வந்தால்தான் விளையும். இரண்டு உப்பு, ஒரு கல். வேறு நாட்டவரான ஷப்தால் அல்ல, அதே பிரான்ஸைச் சேர்ந்த ஷப்தாலும் அதே சமயத்தில் இதையே கண்டார்.

மூன்று, இரண்டான கதை

அப்படியானால் உடனே ‘இரட்டை உப்பு’ என்று பேர் வைத்தார்களா? இல்லை, முதலில் வைத்த பேர் ‘மூவுப்பு’ என்கிற மாதிரி! அன்றைக்கு உப்பு என்றால் ஓர் அமிலமும் ஒரு காரமும் சேர்ந்தது. படிகாரத்தில் அமிலம் ஒன்று, சேர்ந்திருக்கும் சரக்கு இரண்டு. ஆக மொத்தம் மூன்று பொருள் என்று எண்ணி ‘டிரிபிள் சால்ட்’ என்றார்கள். (நம் சித்தர்கள் சொல்லும் முப்பு வேறு விஷயம். அதற்குள் நுழைந்தால் இந்த இதழ் போதாது!) பிறகு ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ், எண்ணுகிற முறையை மாற்றினார். அமிலமும் காரமும் சேர்ந்து ஓர் உப்பு. அப்படிப்பட்ட உப்பும் உப்பும் சேர்ந்தால் இரட்டை உப்பு என்பது அவர் போட்ட கணக்கு. கல் மாறவில்லை, எண்ணுகிறவர் மாறியதும் மூன்று இரண்டாகிவிட்டது. நம் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இருப்பது இந்தச் சொல்லின் மொழிபெயர்ப்புதான்.

கல்லுக்குள் இன்னொரு சரக்கும் இருக்கிறது. தண்ணீர்! அலுமினியம் ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறது, பொட்டாசியம் ஆறு. இந்தப் பன்னிரண்டையும் எடைபோட்டால் 100 கிராம் படிகாரத்தில் ஏறக்குறைய 45 கிராம் வெறும் தண்ணீர். திருஷ்டி சுற்றி நெருப்பில் போடும்போது படிகாரம் பொங்கி எழுந்து கண்ணும் மூக்குமாக உருவம் காட்டுகிறதே, அது இந்தத் தண்ணீர் கொதித்து வெளியேறுகிற கோலம். “பக்கத்து வீட்டுக்காரி முகம் மாதிரியே இருக்கு!” என்று சொல்லி வீண் சண்டை வளர்க்காதீர்கள்.

கரைந்தால் என்ன ஆகும்?

இரட்டை உப்பின் முழு ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. கல்லாக இருக்கும் வரைதான் இரண்டும் ஒன்று. தண்ணீரில் போட்டால் கூட்டுக் குடும்பம் கலைந்துவிடும். பொட்டாசியம் தனி, அலுமினியம் தனி, சல்பேட் தனி. பிளஸ் டூ ஆய்வகத்தில் படிகாரக் கரைசலைக் கொடுத்தால், பொட்டாசியத்துக்கான சோதனையும் பலிக்கும், அலுமினியத்துக்கான சோதனையும் பலிக்கும், சல்பேட்டுக்கானதும் பலிக்கும். யாரும் யாரையும் மறைத்து வைக்கவில்லை. ஆகவே ஓர் இரட்டை உப்பைக் குடித்தால் அதில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குடித்ததற்குச் சமம். இதை மனதில் வைத்துக்கொண்டால் படிகாரத்தின் நல்லதும் கெட்டதும் தானாக விளங்கும்.

பிரிந்து வருகிற அலுமினியம்தான் அங்கே வேலைக்காரன். அது புரதத்தைக் கண்டால் உறைய வைக்கும், தோலையும் ஈறையும் சுருக்கும். மழித்த இடத்தில் துளிர்க்கிற ரத்தம் நிற்பது அதனால்தான். ஈறில் கசிவு இருந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை கரைத்துக் கொப்பளிக்கலாம். கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. நான்கைந்து நாளில் நிற்காவிட்டால் பல் டாக்டரைப் பாருங்கள். ஆழமாக வெட்டுப்பட்ட காயத்தில் படிகாரப் பொடியைத் தூவாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பன்னீரில் படிகாரம் கரைத்துக் கண்ணில் விடுகிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். புரதத்தை உறைய வைக்கிற பொருள், கண்ணுக்கு மட்டும் இரக்கம் காட்டாது.

சேற்றுத் தண்ணீர் தெளிவதும் இதே அலுமினியத்தால்தான். குடத்து நீரில் படிகாரத்தை நாலு சுற்று சுற்றினால், அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத கூழ்போல் ஆகி, மண்ணை வாரிச் சுருட்டிக்கொண்டு அடியில் படியும். தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைப்பதும் இதே காரியத்துக்குத்தான், அதன் வழி வேறு. ஒரு குடத்துக்கு ஒரு சிட்டிகை படிகாரம் போதும். “இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் தெளியுமே” என்று அள்ளிப் போட்டால் தண்ணீர் புளிப்பேறி, படிய வேண்டிய அலுமினியம் படியாமல் நீரிலேயே நின்றுவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகாது. மண்ணோடு கிருமிகளில் ஒரு பகுதி போகும், மீதி இருக்கும். மேலாக இறுத்து, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

குடிநீர் நிலையங்களிலும் ஆலம் போடுகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் அலுமினிய சல்பேட், பொட்டாசியம் கிடையாது. ஒற்றை உப்புக்கு இரட்டை உப்பின் பேர்! எதிர்மாறாக, ‘குரோம் ஆலம்’ என்று ஊதா நிறத்தில் ஒரு கல் உண்டு, அதில் அலுமினியமே கிடையாது. அலுமினியம் உட்கார்ந்த இடத்தில் குரோமியம் உட்கார்ந்திருக்கிறது. அடுக்கு ஒன்றாக இருப்பதால் குடும்பப் பேர் மட்டும் தொடர்கிறது. கடையில் வாங்கிய படிகாரம் பொட்டாஷ் வகையா, அம்மோனியா வகையா என்று தெரிய வேண்டுமா? பொடித்து, ஈரச் சுண்ணாம்போடு குழைத்து முகர்ந்து பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அம்மோனியப் படிகாரம்.

உள்மருந்தாகவும் நாங்கள் படிகாரத்தைக் கொடுப்பதுண்டு. படிகாரத்தை நீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி மறுபடி கல்லாக்குவதைச் ‘சுத்தி’ என்போம். கெமிஸ்ட்ரிக்காரர்கள் மறுபடிகமாக்கல் என்பதும் இதைத்தான். அப்படிச் சுத்தி செய்ததை முட்டை வெண்கருவில் அரைத்துப் புடமிட்டால் படிகாரப் பற்பம். நீர்க்கட்டு, நீர்ச்சுருக்கு முதலியவற்றுக்கு ஆகும் மருந்து. ‘இயற்கை மருந்துதானே’ என்று இதை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு உள்ளே போகிற கொஞ்சநஞ்ச அலுமினியம் சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. 1970-களில் டயாலிசிஸ் செய்துகொண்ட நோயாளிகள் சிலருக்குப் பேச்சுக் குழறி, புத்தி தடுமாறியது. டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த அலுமினியம் மூளையில் சேர்ந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் டயாலிசிஸ் தண்ணீரை அவ்வளவு கவனமாகச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். ‘யூரியா, கிரியாட்டினின் கூடுதல்’ என்று ரிப்போர்ட் இருக்கிறவர்கள் படிகாரம் சேர்ந்த எந்த மருந்தையும் வைத்தியரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டாமல் தொடக் கூடாது.

பாக்கெட்டில் 536

இப்போது பயப்பட வேண்டாத கதைக்கு வருவோம். 2019-இல், ‘சமையல் உப்பில் சயனைடு!’ என்று ஒரு செய்தி பரவி வீடுவீடாகக் கலங்கினார்கள். “டாக்டர், சயனைடு தின்றா இத்தனை வருஷம் உயிரோடு இருக்கோம்?” என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி!

தூள் உப்பு மழைக்காலத்தில் கட்டி தட்டாமல் இருக்கப் பொட்டாசியம் ஃபெரோசயனைடு என்ற பொருளைத் துளி சேர்க்கிறார்கள். சில பாக்கெட்டுகளில் 536 என்ற எண்ணாக அது அச்சாகியிருக்கும். இதுவும் பார்வைக்கு இரண்டு உப்பு சேர்ந்ததுதான். பொட்டாசியம் சயனைடும் இரும்பு சயனைடும் சேர்ந்தது என்று எழுதலாம். அந்தக் காலத்தில் இதையும் படிகாரத்தோடு ஒரே வரிசையில் ‘மூவுப்பு’ என்றே வைத்திருந்தார்கள்.

ஆனால் தண்ணீரில் கரைத்தால் வண்டவாளம் தெரிகிறது. படிகாரம் போல இது முழுக்கப் பிரிவதில்லை. பொட்டாசியம் மட்டும் கழன்றுகொள்ளும். இரும்பும் அதைச் சுற்றியுள்ள ஆறு சயனைடும் ஒருவரை ஒருவர் இறுக அணைத்தபடியே நிற்கும். கரைசலில் இரும்புக்கான வழக்கமான சோதனை செய்தால் இரும்பு இருப்பதாகவே காட்டாது! இப்படி அணைத்து நிற்பவற்றுக்கு 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் என்பவர் விளக்கம் சொன்னார். 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் அவற்றை அணைவுச் சேர்மம் என்கிறோம். எவ்வளவு அழகான சொல்! ‘இரட்டை’ என்பதைவிட இது எனக்குப் பிடிக்கும்.

அந்த அணைப்பு நம் வயிற்றிலுள்ள அமிலத்துக்கு லேசில் அசைவதில்லை. உள்ளே போனது பெரும்பாலும் போன மாதிரியே வெளியேறிவிடும். நம் நாட்டில் ஒரு கிலோ உப்புக்கு 10 மில்லிகிராம் வரைதான் அனுமதி. நாளைக்கு 5 கிராம் உப்பு சாப்பிட்டால் உள்ளே போவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உறக்கம் கெட வேண்டியது அந்த 5 கிராம், 10 கிராம் ஆவதைப் பற்றித்தான்.

பொட்டலத்தைப் பாதியாக்காதீர்கள்

மூன்றாவது ரகம் வெறும் கலவை. எங்கள் பஞ்சலவணம் போல, பல உப்புகளைப் பொடித்து ஒன்றாகக் கலந்தது. இதில் கூட்டுக் குடும்பமும் இல்லை, அணைப்பும் இல்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி!

படிகாரத்தில் கடுகளவு கிள்ளினாலும் மலையளவு வெட்டினாலும் இரண்டு உப்பின் விகிதம் மாறாது. கல்லின் அடுக்கே அப்படி. கலவையில் அந்த உத்தரவாதம் கிடையாது. கனமானது அடியில் இறங்கலாம், நயமானது மேலே நிற்கலாம். இது புத்தக விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் அறிவித்த அளவுப்படி ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மொத்தம் 20.5 கிராம். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை. “குழந்தை அவ்வளவு எங்கே குடிக்கப்போகுது?” என்று பாதிப் பொட்டலத்தை அரை லிட்டரில் போட்டால், அந்தப் பாதியில் எந்த உப்பு எவ்வளவு வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முழுப் பொட்டலத்தையும் அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் கரையுங்கள். கரைத்த பிறகு எவ்வளவு சின்ன ஸ்பூனில் எடுத்தாலும் விகிதம் ஒன்றுதான். 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலங்களும் கிடைக்கின்றன. எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதும் கலவைதான். சாதா உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு இது நல்லதே. 2025-இல் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கியே சொன்னது. பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில வகை பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். மாத்திரைச் சீட்டைக் காட்டி டாக்டரிடம் கேட்ட பிறகு வாங்குங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. இடையில் ஒரு வார்த்தை: இந்துப்பு சோடியம் குறைந்த உப்பு அல்ல. பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அயோடினும் சேர்ப்பதில்லை. “இந்துப்புதான் டாக்டர், அதனால தாராளமா போட்டுக்கறேன்” என்று சொல்பவர்களின் பிரஷரை நான்தானே பார்க்கிறேன்!

வெள்ளைக் கட்டிகள்

நாட்டு மருந்துக் கடையில் படிகாரமும் வெள்ளை, வெங்காரமும் வெள்ளை. பொரித்துவிட்டால் இரண்டும் பஞ்சுபோல் ஒன்றாகவே இருக்கும். வெங்காரத்துக்குப் ‘பொரிகாரம்’ என்றும் ஒரு பேர் உண்டு. பொரித்த படிகாரம் கேட்டு பொரிகாரம் வாங்கி வந்தவர்கள் உண்டு. வெங்காரம் போரான் என்ற சரக்கு சேர்ந்த ஒற்றை உப்பு, உண்மையிலேயே காரம். அதைத் தேனில் குழைத்துக் கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை படிந்ததற்குத் தடவுகிற வழக்கம் ஆபத்தானது. அப்படித் தொடர்ந்து உள்ளே போனதில் வலிப்பு கண்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

வீட்டில் பேர் எழுதாத வெள்ளைப் பொடி இருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு வெள்ளைத் துணியில் மஞ்சள் கரைசலைத் தடவி உலர்த்துங்கள். பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். செம்மை தட்டினால் வெங்காரமாக இருக்கலாம், படிகாரம் இல்லை. மஞ்சளாகவே நின்றால் வெங்காரம் இல்லை. இது சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், மருந்தாகக் கொடுக்க அத்தாட்சி ஆகாது. சந்தேகம் வந்த பொடியைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பிள்ளைக்கு இந்தப் பாடத்தைக் கண்ணால் காட்ட ஆசையா? சமையலுக்கு எடுக்காத ஒரு கண்ணாடி டம்ளரில் 200 மில்லி சுடுநீர் விட்டு, 50 கிராம் படிகாரப் பொடியைக் கரைத்து வடிகட்டி, ஆடாத இடத்தில் மூடி வையுங்கள். மறுநாள் அடியில் குட்டிக் கற்கள் விளைந்திருக்கும். நல்லதாக ஒன்றை எடுத்து நூலில் கட்டி, அதே தெளிந்த நீரில் தொங்கவிட்டால் நாளுக்கு நாள் வளரும். எட்டு முகம் வைத்து, இரண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டிய மாதிரி வரும். எந்த முகத்தைச் சுரண்டினாலும் அதே இரண்டு உப்பு, அதே விகிதம், அதே பன்னிரண்டு தண்ணீர். வளர்ந்த கல்லை மூடியுள்ள பாட்டிலில் வையுங்கள். வறண்ட காற்றில் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் போய் மேல்பக்கம் மாவு பூத்துவிடும். பாட்டிலின் மேல் ‘படிகாரம்’ என்று சீட்டு ஒட்ட மறக்காதீர்கள்.